ஆய்வுச் சுவரொட்டி அச்சேறும் முன்: தமிழ்க் கோப்பைத் தயாரிக்கும் முறை

ஆய்வு மாநாடுகளில் கட்டுரை படிப்பதைப் போலவே, சுவரொட்டி வழியாக ஆய்வை முன்வைப்பதும் இன்று வழக்கமாகிவிட்டது. அறிவியல், மருத்துவத் துறை மாணவர்களுக்கு இது நன்கு பழகிய ஒன்று. தமிழ், மொழியியல், கல்வியியல் பயிலும் மாணவர்களும் இப்போது இறுதியாண்டு ஆய்வேட்டைச் சுவரொட்டியாக்கி மண்டபத்தில் ஒட்டி, பக்கத்தில் நின்று விளக்கம் சொல்கிறார்கள். ஆய்வைச் சுருக்கி எழுதுவது எப்படி என்று விரிவுரையாளர்கள் சொல்லித் தருகிறார்கள். எழுதியதை அச்சுக்குக் கொண்டுபோவது எப்படி என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றியே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கழகத் தோழி ஒருவர் மாநாட்டுக்காக ஏ0 அளவில் சுவரொட்டி செய்திருந்தார். ‘தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாடுகள்’ என்பது தலைப்பு. முதல் நாள் மாலை ஆறு மணிக்கு இருவரும் பென் டிரைவோடு அச்சுக் கடைக்குப் போனோம். கடையிலிருந்த இளைஞர் கோப்பைத் திறந்தார், கொஞ்சம் பெரிதாக்கினார், எங்களைப் பார்த்து “ஓகே?” என்றார். தூரத்தில் நின்றபடியே நாங்களும் “ஓகே” என்றோம். அச்சாகி வந்ததை உருட்டிக் குழாயில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பலகையில் ஒட்டும்போதுதான் தெரிந்தது. ‘தொ’வின் கொம்பும் காலும் தகரத்துக்குப் பின்னால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ‘மெ’யின் கொம்பு மகரத்தைத் தாண்டி யகரத்தின் பக்கம் போய்விட்டது. தலைப்பில் மட்டுமன்று, உள்ளே நானூறு சொற்களிலும் இதே கதி! நூலகத்துக்கு ஓடி ஏ3 தாளில் தலைப்பை மட்டும் அச்சிட்டு மேலே ஒட்டினோம். உள்ளே இருந்ததை ஒன்றும் செய்ய முடியவில்லை. பார்வையிட வந்த பேராசிரியர் ஒருவர் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், “தமிழ் மாணவர்களே இப்படி எழுதலாமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார்.

கடைக்காரர் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. நம் நாட்டு அச்சுக் கடைகள் பெரும்பாலானவற்றில் நிலைமை இதுதான். ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரு சொல் சிதைந்தால் அவரே கவனித்துச் சொல்லிவிடுவார். தமிழில் கொம்பு இடம் மாறினாலும் அவர் கண்ணுக்கு அது தமிழாகவேதான் தெரியும். ஆகவே, கடைக்குப் போகும் கோப்பு யாருடைய உதவியும் இல்லாமல், எந்தக் கணினியிலும் அப்படியே அச்சாகும் நிலையில் இருக்க வேண்டும். நம் கணினியில் இருக்கும் எதையும் நம்பி அது இருக்கக்கூடாது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

எழுத்து எங்கே உடைகிறது?

கணினிக்குள் ‘கொ’ என்பது ஓர் ஓவியமாக இல்லை. யூனிகோடில் அது ககரம், அதன் பின் ஒகரக் குறி என்று இரண்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைத்துத் திரையில் வரைவது மென்பொருளும் எழுத்துருவும் சேர்ந்து செய்யும் வேலை. ‘மு’, ‘து’ போன்றவற்றில் உகரம் எழுத்தோடு ஒட்டி வேறு உருவம் பெறுவதும் இப்படித்தான். இந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் அதே கோப்பைத் திறந்தால், எண்கள் சரியாகவே இருக்கும்; வரைவதுதான் தவறாக இருக்கும். எங்கள் சுவரொட்டிக்கு நேர்ந்தது இதுவே.

பழைய எழுத்துருக்களின் கதை வேறு. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய காலத்திலிருந்து, 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாடு, 1999இல் சென்னையில் நடந்த மாநாடு என்று தமிழ்க் குறியீடுகளை ஒழுங்குபடுத்தப் பலர் உழைத்திருக்கிறார்கள். திஸ்கி, தாம், தாப் என்ற பெயர்களை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்து எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் வேறு எழுத்துகளுக்குரிய எண்களில் குடியேறியிருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் புரியாத குறிகளுமாகக் கொட்டும். அதில் ஒரு நன்மை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. தமிழ் தெரியாதவருக்கும் ‘ஏதோ தவறு’ என்று பட்டுவிடும்! யூனிகோடு உடைந்தால் அப்படிப் படுவதில்லை. அது தமிழைப் போலவே தோற்றமளித்து ஏமாற்றும்.

இதனால் யூனிகோடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. யூனிகோடில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். தேடவும், படியெடுக்கவும், பின்னாளில் பயன்படுத்தவும் வேறு நல்ல வழியில்லை. ஆனால் பழைய மலர்களிலிருந்தோ பழைய ஆய்வேடுகளிலிருந்தோ பத்திகளை எடுத்தால், மாற்றி மென்பொருள் கொண்டு யூனிகோடாக்கிய பிறகு ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாக மாறியிருக்கலாம். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரமே உட்கார்ந்திருக்கலாம். ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கெகரமும் ளகரமும் தனித்தனியாக அடிக்கப்பட்டிருப்பது மிக மிகப் பரவலான பிழை. சின்ன எழுத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஏ0 தாளில் ஓர் அங்குல உயரத்தில் நின்று சிரிக்கும்.

அளவை முதலில் கேளுங்கள்

வடிவமைக்கத் தொடங்கும் முன்பே ஏற்பாட்டாளரிடம் இரண்டு கேள்விகள் கேட்டுவிட வேண்டும்: என்ன அளவு? நின்ற வாக்கிலா, கிடந்த வாக்கிலா? ஏ0 என்பது 841 × 1189 மில்லிமீட்டர். ஏ1 அதில் பாதி, 594 × 841 மில்லிமீட்டர். சுருள் தாளில் அச்சிடும் இயந்திரங்களில் 24 அங்குலச் சுருளில் ஏ1-உம், 36 அங்குலச் சுருளில் ஏ0-உம் அடங்கிவிடும். சில மாநாடுகள் 90 × 120 செ.மீ. என்று கேட்கும். 90 செ.மீ. என்பது ஏறத்தாழ 35.4 அங்குலம். 36 அங்குலச் சுருளில் விளிம்புக்கு இடமே இருக்காது. கடையில் அதைவிட அகலமான சுருள் உண்டா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது.

நம் மாணவர்களில் பெரும்பாலோர் பவர்பாயிண்டில்தான் சுவரொட்டி செய்கிறார்கள். அதில் தவறில்லை. தமிழை ஒழுங்காக வரையும் மென்பொருள் அது. ஆனால் திறந்தவுடன் வரும் பக்கம் அகலத்திரை அளவில், 16க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கும். அதிலேயே எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, ‘கடையில் பெரிதாக்கிக்கொள்வார்கள்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஏ வரிசைத் தாளின் விகிதம் வேறு. கடைக்காரர் ஒன்று மேலும் கீழும் வெள்ளை விட்டு அச்சிடுவார், அல்லது தாளுக்கு ஏற்ப இழுத்துவிடுவார். இழுத்தால் தமிழின் வட்டங்கள் எல்லாம் முட்டை வடிவமாகும். பல்கலைக்கழகச் சின்னமும் சேர்ந்து சப்பையாகும். எனவே ‘டிசைன்’ பகுதியில் உள்ள ‘ஸ்லைட் சைஸ்’ வழியாக, முதல் சொல்லை அடிக்கும் முன்பே 84.1 × 118.9 செ.மீ. என்று கொடுத்துவிடுங்கள். பவர்பாயிண்ட் ஏறத்தாழ 142 செ.மீ. வரை ஏற்றுக்கொள்ளும். எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு அளவை மாற்றினால் ஒவ்வொரு பெட்டியும் இடம் பெயரும். அந்தத் தொல்லையைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

விளிம்பில் இரண்டு சென்டிமீட்டராவது எழுத்தில்லாமல் விடுங்கள். பின்னணி நிறம் தாளின் ஓரம் வரை போக வேண்டுமென்றால், வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நிறத்தை நீட்ட வேண்டும். பவர்பாயிண்டில் அதற்குத் தனி வசதி இல்லை. ஓரத்தை வெள்ளையாக விட்டுவிடுவதே எளிது; ஆய்வுச் சுவரொட்டிக்கு அதுவே அழகும்கூட என்பது என் எண்ணம்.

எழுத்துருவும் அதன் பருமனும்

விண்டோஸ் கணினியில் லதா, விஜயா, நிர்மலா ஆகியவையும், மேக் கணினியில் இணைமதியும் உள்ளன. இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ வரிசையில் செரிஃப் வகை, செரிஃப் இல்லாத வகை இரண்டும் தமிழுக்கு உண்டு. பல பருமன்களிலும் கிடைக்கின்றன. சுவரொட்டிக்கு இந்தப் பருமன்தான் முக்கியம். தடித்த உருவம் தனியாக இல்லாத எழுத்துருவில் நாம் ‘போல்ட்’ பொத்தானை அழுத்தினால், மென்பொருள் தானே எழுத்தைச் சுற்றி மை பூசித் தடிமனாக்கிக் காட்டும். ஆங்கில எழுத்து அதைத் தாங்கும். ணகரம், ஞகரம், இகரம் போன்றவற்றின் சுழிகள் தாங்குவதில்லை. உள்ளே இருக்கும் வெள்ளை அடைபட்டுப் போகும். சாய்வெழுத்தும் அப்படித்தான். தமிழ் அச்சு மரபில் சாய்வெழுத்துக்கு வேரே இல்லை. நூற்பெயர்களை ஒற்றை மேற்கோள் குறிக்குள் தருவதோ, தடித்த உருவில் தருவதோ போதும்.

உடல் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். நான் பின்பற்றும் கணக்கு இதுதான்: ஏ0 தாளில் உள்ளுரை 28 முதல் 36 புள்ளி வரை, உட்தலைப்பு 48க்குக் குறையாமல், தலைப்பு 90க்கு மேல். இரண்டு எட்டுத் தள்ளி நின்று படிக்க இது போதும். வரிகளுக்கு இடையில் ஆங்கிலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, 1.2 அல்லது 1.3 மடங்கு இடம் விடுங்கள். மேலே இகரக் கொக்கியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் இருக்கும் மொழி நம்முடையது. ஒரு வரியின் ‘நூ’ அடுத்த வரியின் ‘தீ’யை இடிக்கக்கூடாதல்லவா?

இரு பக்கமும் நேராக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ‘பயன்படுத்தப்பட்டிருக்கின்றமையால்’ போன்ற சொற்கள் குறுகிய பத்தியில் வந்தால் அதற்கு மேல் வரியில் மூன்றே சொற்கள் தமக்குள் கைநீட்டித் தொட முடியாத தூரத்தில் நிற்கும். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும். (அப்படிப்பட்ட சொற்களையே குறைத்து எழுதினால் இன்னும் நல்லது.)

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தலைப்பைத் தமிழோடு மலாயிலோ ஆங்கிலத்திலோ தர வேண்டியிருக்கும். தமிழ் எழுத்துருவுக்குள்ளேயே இருக்கும் ரோமன் எழுத்துகள் சிலவற்றில் அழகாக இருக்கும், சிலவற்றில் ஒவ்வாமல் இருக்கும்; எதுவானாலும் சுவரொட்டி முழுவதும் ஒரே ஏற்பாடாக இருக்கட்டும். இலக்கியச் சொற்களை ரோமன் எழுத்தில் பெயர்ப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முறையில் ழகரம், றகரம், னகரம் மூன்றுக்கும் கீழே கோடிட்ட எழுத்துகள் வரும். டகரம், ணகரம், ளகரத்துக்குக் கீழே புள்ளியிட்டவை வரும். எல்லா எழுத்துருவிலும் இவை இல்லை. இல்லாதபோது மென்பொருள் அந்த ஓர் எழுத்தை மட்டும் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும். ஒரு சொல்லின் நடுவில் ஓர் எழுத்து மட்டும் மெலிந்தோ உயர்ந்தோ தெரிந்தால் காரணம் இதுதான். அந்த எழுத்துகள் எல்லாம் உள்ள எழுத்துரு ஒன்றைத் தேடி, பெயர்ப்புச் சொற்கள் அனைத்துக்கும் அதையே வையுங்கள்.

படங்கள்

திரையில் தெளிவாகத் தெரியும் படம் தாளில் மங்கிப் போவதற்கு ஒரே காரணம், அதில் போதிய பிக்சல்கள் இல்லாததே. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்று எங்கும் சொல்வார்கள். கையில் பிடித்துப் படிக்கும் மலருக்கு அது சரி. சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவரொட்டிக்கு 150 போதும். கணக்கு மிக எளிது: படத்தின் அகலத்தில் எத்தனை பிக்சல் என்று பார்த்து 150ஆல் வகுத்தால், எத்தனை அங்குல அகலம் வரை பெரிதாக்கலாம் என்று தெரிந்துவிடும். கைப்பேசியில் 4000 × 3000 பிக்சலில் எடுத்த கோயில் கல்வெட்டுப் படத்தை ஏறத்தாழ 67 செ.மீ. அகலம் வரை தாராளமாக வைக்கலாம். இணையத்திலிருந்து இறக்கிய 600 பிக்சல் படம் நான்கே அங்குலம், அதாவது 10 செ.மீ. அளவுக்குத்தான் தாங்கும். ஓலைச்சுவடிப் படங்களில்தான் அதிகமாக ஏமாறுகிறோம். சுவடி நீளமானது, பக்கம் முழுவதும் 60 செ.மீ. அகலத்துக்கு நீட்டி வைக்க மனம் விரும்பும். கையிலிருக்கும் படமோ 1200 பிக்சலாக இருக்கும். அங்குலத்துக்கு ஐம்பது பிக்சல்! எழுத்தாணிக் கீறல்கள் எல்லாம் கரைந்து, பழுப்பு நிறப் பட்டை ஒன்றுதான் மிஞ்சும். அப்படியானால் சுவடியின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி, சிறிதாக, தெளிவாக வைப்பதே மேல்.

சிறிய படத்தை மென்பொருளில் பெரிதாக்கிச் சேமித்தால் எண்ணிக்கைதான் கூடும், தெளிவு கூடாது. புலனத்தில் படமாக அனுப்பி வாங்கினால் அது தானாகவே சுருங்கும். படங்களை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மின்னஞ்சலில் வாங்குங்கள். பவர்பாயிண்டும் கோப்பைச் சேமிக்கும்போது படங்களைச் சுருக்கக்கூடியது. ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்ட்’ என்ற பகுதிக்குள் படங்களைச் சுருக்க வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி ஒன்று உண்டு. படங்களைச் சேர்க்கும் முன்பே அதைத் தேர்வு செய்துவிட வேண்டும்.

வரைபடங்களையும் விளக்கப்படங்களையும் திரைப்பிடிப்பாக எடுத்து ஒட்டாதீர்கள். எக்செலில் வரைந்ததை அப்படியே படியெடுத்து ஒட்டினால் கோடுகளும் எண்களும் எந்த அளவிலும் கூர்மையாக இருக்கும். பல்கலைக்கழகச் சின்னமும் அதுபோலவே. இணையப் பக்கத்தின் மூலையிலிருந்து அதை எடுப்பது பழக்கமாகிவிட்டது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவச் சின்னத்தைத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

நிறம்

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் நீலமை, செம்மை, மஞ்சள், கருமை என்ற மைகளால் காட்டுகிறது. முதலாவதை ஆர்.ஜி.பி. என்றும் இரண்டாவதை சி.எம்.ஒய்.கே. என்றும் சொல்வார்கள். ஒளியில் பளிச்சிடும் கிளிப்பச்சையும் மின்னல் நீலமும் மையில் அடங்கித்தான் வரும். அவற்றை நம்பி வடிவமைக்க வேண்டாம். சுவரொட்டி அச்சிடும் பெரிய இங்க்ஜெட் இயந்திரங்களுக்குப் பொதுவாக ஆர்.ஜி.பி. கோப்பே போதும், மாற்றத்தை இயந்திரத்தின் மென்பொருளே செய்துகொள்ளும். நம் ஆண்டு மலர் போன்ற ஆஃப்செட் அச்சுக்குத்தான் சி.எம்.ஒய்.கே. கட்டாயம். கடையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து திரையில் எடுப்பாக இருக்கும். தாளில் மை பரவுவதால் மெல்லிய வெள்ளைக் கோடுகள் உண்ணப்படும், புள்ளிகள் சில காணாமல் போகும். ‘கல்’ எது, ‘கல’ எது என்று தேட வேண்டியிருக்கும். வெளிர்ப் பின்னணியில் கரிய எழுத்தே தமிழுக்குப் பாதுகாப்பு.

பி.டி.எஃப். ஆக்கும்போது

இனிதான் முக்கியமான இடம். பவர்பாயிண்ட் கோப்பைக் கடைக்குக் கொண்டுபோகவே கூடாது. அந்தக் கணினியில் நம் எழுத்துரு இருக்காது. மென்பொருளின் பதிப்பும் வேறாக இருக்கலாம். பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோக வேண்டும். பி.டி.எஃப். கோப்பில் கொம்பும் காலும் எங்கெங்கே நிற்க வேண்டுமோ அங்கங்கே ஏற்கெனவே வைக்கப்பட்டுவிட்டன. அச்சிடும் கணினி தமிழை வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்துரு மட்டும் கோப்புக்குள்ளேயே உட்பொதிந்திருந்தால் போதும்.

பவர்பாயிண்டில் பி.டி.எஃப். ஆகச் சேமிக்கும்போது ‘ஆப்ஷன்ஸ்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். பி.டி.எஃப்./ஏ என்ற தரத்துக்கு இணங்கச் சேமிக்கும் பெட்டி இருக்கும். அதைத் தேர்ந்தால் எழுத்துருக்கள் உள்ளே பொதியப்படும். அதனருகிலேயே, பொதிய அனுமதி இல்லாத எழுத்துருவாக இருந்தால் எழுத்தைப் படமாக்கும் பெட்டியும் இருக்கும். சில எழுத்துருக்களை உருவாக்கியவர்கள் பொதியும் உரிமையைத் தருவதில்லை. அப்படிப்பட்ட எழுத்துருவைச் சுவரொட்டிக்குத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது. கேன்வா பயன்படுத்துபவர்கள் அச்சுக்குரிய பி.டி.எஃப். வகையைத் தேர்ந்து இறக்குங்கள். இன்டிசைனில் வேலை செய்பவர்கள் பத்தியமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பிலிருந்து இந்திய மொழிகளுக்கு அது உண்டு. ஆனால் வழக்கமான கம்போசர் தேர்வாகியிருந்தால் கொம்புகள் இடம் மாறியே நிற்கும்.

கோப்பு தயாரானதும் அக்ரோபேட் ரீடரில் திறந்து, ‘புராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘ஃபாண்ட்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துருவின் பெயருக்கும் பக்கத்தில் ‘எம்பெடட்’ அல்லது ‘எம்பெடட் சப்செட்’ என்று இருக்க வேண்டும். ஒன்றில் இல்லையென்றாலும் அந்தக் கோப்பு கடைக்குப் போகத் தகுதியற்றது. இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. எங்கள் தோழியின் கோப்பில் இதைப் பார்த்திருந்தால் எழுத்துரு பொதிந்திருந்தது என்றே காட்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அங்கே உடைந்தது வேறு இடத்தில். அந்த இளைஞர் எங்கள் பி.டி.எஃப். கோப்பை அளவு சரிசெய்வதற்காக வடிவமைப்பு மென்பொருளில் திறந்திருக்கிறார். திருத்துவதற்காகத் திறந்தால் அந்த மென்பொருள் எழுத்துகளைப் பிரித்தெடுத்துத் தன் எழுத்துருவில், தன் போக்கில் மீண்டும் அடுக்கும். நாம் அளவைச் சரியாக வைத்திருந்தால் அவருக்குத் திறக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. முதலில் அளவைப் பற்றி அவ்வளவு வலியுறுத்தியதற்கு இதுவே காரணம்.

சில கடைகளில் ஒரே சுருளில் பல சுவரொட்டிகளை அடுக்கி அச்சிடுவதால், எப்படியும் வடிவமைப்பு மென்பொருளில்தான் திறப்போம் என்பார்கள். அப்போது எழுத்துகளைக் ‘கர்வ்’ ஆக்கித் தர வேண்டும். அதாவது எழுத்தை எழுத்தாக இல்லாமல் வெறும் கோட்டு உருவமாக மாற்றிவிடுவது. அதன் பின் எந்த மென்பொருளிலும் கொம்பு நகராது. திருத்தவும் முடியாது, ஆகவே திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியே வைத்திருங்கள். அதைச் செய்யும் மென்பொருள் நம்மிடம் இல்லையென்றால், முழுச் சுவரொட்டியையும் ஒரே படமாக்கிக் கொண்டுபோவது கடைசி வழி. ஏ0 அளவுக்கு அங்குலத்துக்கு 150 பிக்சல் என்றால் 4967 × 7022 பிக்சல் வரும். எழுத்தின் ஓரங்கள் சற்று மழுங்கும்தான். கொம்பு இடம் மாறுவதைவிட அது எவ்வளவோ மேல்!

கடையில்

கடைக்குப் போகும் முன் பி.டி.எஃப். கோப்பை ஏ4 தாளில் அச்சிட்டுப் படியுங்கள். ஏ0 தாள் ஏ4இல் நாலில் ஒரு பங்காகச் சுருங்கும். 24 புள்ளி எழுத்து 6 புள்ளியாகத் தெரியும். ஏ4இல் கண்ணை இடுக்காமல் படிக்க முடிந்தால் சுவரிலும் படிக்கலாம். இன்னொருவரைப் படிக்கச் சொல்வது இன்னும் நல்லது. எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

அந்த ஏ4 தாளைக் கையோடு கொண்டுபோங்கள். தலைப்பிலும் உட்தலைப்பிலும் உள்ள கொ, கை, கௌ வகை எழுத்துகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கடைக்காரரிடம் கொடுத்து, “இந்த வட்டங்களில் இருப்பது திரையிலும் இதே மாதிரி இருக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். தமிழ் தெரியாதவரும் உருவத்தை ஒப்பிட முடியும். இதை நான் சொன்ன கடைகளில் எல்லாரும் மகிழ்ச்சியோடுதான் செய்தார்கள். ஒருவர் வட்டமிடாத இடத்தில் ஒரு பிழையையே கண்டுபிடித்துக் கொடுத்தார். கோப்பைத் திருத்தும் மென்பொருளில் திறக்காமல், நேரடியாக, உள்ள அளவிலேயே அச்சிடும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழகத்தில் சோதனை வரி ஒன்று வைத்திருக்கிறோம்: ‘மௌனக் கொக்கு ஸ்ரீதேவியின் கோழியைத் தூது விட்டுப் பூங்கையை நோக்கியது’. பொருள் கேட்காதீர்கள்! உடையக்கூடிய எழுத்துகள் எல்லாம் அதில் இருக்கின்றன. புதிய கடை, புதிய மென்பொருள், புதிய எழுத்துரு எதுவானாலும் முதலில் இந்த வரியை ஒரு துண்டுத் தாளில் அச்சிட்டுப் பார்ப்போம். இதிலுள்ள ‘ஸ்ரீ’ தனிக் கவனத்துக்குரியது. அதை ஸகரத்தோடு எழுதுவதும் உண்டு, 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தோடு எழுதுவதும் உண்டு. பழைய எழுத்துருக்களில் இரண்டாவது இல்லாததால் பெட்டியோ வட்டமோ தோன்றும். ஆய்வில் வடமொழிப் பெயர்கள் வருமானால் கவனியுங்கள்.

தாளைப் பொறுத்தவரை மினுமினுப்பில்லாதது நல்லது. மண்டப விளக்கின் ஒளி மினுக்கும் தாளில் பட்டுத் தெறித்தால் ஒரு பக்கத்திலிருந்து எதுவும் படிக்க முடியாது. விமானத்தில் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிறவர்கள் துணியில் அச்சிட்டால் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், குழாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

அச்சானதும் கடையிலேயே விரித்து முழுவதும் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். இரண்டு நாள் முன்னதாகவே போனால் மறு அச்சுக்கு நேரம் இருக்கும். மாநாடு முடிந்ததும் மூலக் கோப்பு, பி.டி.எஃப்., படங்கள், பயன்படுத்திய எழுத்துருக்கள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, ஆண்டையும் தலைப்பையும் பெயராக வைத்துக் கழகத்தின் வன்தட்டில் சேர்த்துவிடுங்கள். சோதனை வரியின் கோப்பும் அங்கேதான் இருக்கிறது, வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.